திரும்பிப் பார்க்கும் வகுப்பு

தொழிற்கல்லூரியின் வெல்டிங் வகுப்பில் அந்தப் பயிற்சிக் கவசத்தை மாட்டிக்கொண்டவர்களில் திரும்பிப் பார்க்காதவர் ஒருவரும் கிடையாது. பாதி வேலையில் கை நிற்கும். இடது தோள் காதை நோக்கி ஏறும். தலை மெல்லப் பின்பக்கம் திரும்பும். கவசத்துக்குள்ளிருந்து வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் சிலர் அதைக் கழற்றிவிட்டே பார்ப்பார்கள். பின்னால் சுவர்தான் இருக்கும். சுவரில் சிவப்பு நிற மணல் வாளிகள் தொங்கும். வாளிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அசட்டுச் சிரிப்போடு மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.

"என்னடா, வாளி கூப்பிட்டுச்சா?" என்று கேட்பாள் வெல்டரக்கா.

வெல்டரக்கா என்பது தெரு வைத்த பெயர். கல்லூரிக்குள் அவள் வெறும் மிஸ். குட்டையான உருவம், முழங்கைக்குக் கீழே பொறி பட்டுப் பட்டு, அரிசி தூவியதுபோல வெள்ளைத் தழும்புகள். தலைமுடியை எப்போதும் ஒரு பழைய துணிக்குள் கட்டி வைத்திருப்பாள். வாய் மட்டும் கட்டுக்கு அடங்காது. அவள் கணவருக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. "எங்க ரெண்டு பேருக்கும் நெருப்புதான் சோறு போடுது, அதனால வீட்டுல யாரும் யார் மேலயும் எரிஞ்சு விழுறதில்ல" என்பாள்.

அந்த மனிதரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தெருமுனையிலிருந்தே செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவார். வாசலில் செருமுவார். சமையலறைக்குள் நுழையும் முன் கதவை ஒரு தட்டு தட்டுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் விளையாட்டாகப் பின்னால் போய் அவள் கண்ணைப் பொத்தப் போனார். கரண்டி திரும்பி வந்த வேகத்தில் அவர் முன்பல்லின் ஓரம் உடைந்தது. அன்றிலிருந்து, யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே. மனைவி கொஞ்சம் பயந்தாங்கொள்ளி என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வெல்டிங் சொல்லிக்கொடுப்பதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேராக இறக்கிவிட்டால், பொறி எரியும் அந்தச் சின்ன இடத்தைத் தவிர உலகமே அணைந்துபோகும். கற்றுக்கொடுப்பவரின் கை தெரியாது, முகம் தெரியாது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு மேலேயிருந்து கத்துகிற கதைதான். "மெதுவா! மெதுவா! டேய், மெதுவான்னா நிக்கச் சொல்லலடா!" என்று தொண்டை கிழியக் கத்தியே அவள் பல வருஷம் பாடம் நடத்தினாள். இரும்புத் தகடுகளில் ஓட்டை ஓட்டையாக விழுந்தன. வெல்டிங் ராடுகள் தகட்டோடு ஒட்டிக்கொண்டு பிடுங்க வராமல் நின்றன.

இதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் மிஸ் உள்ளே வந்தாள். வயதில் சின்னவள், பேச்சில் ரயில்.

"அக்கா, உங்க கையை எனக்குக் குடுங்க."

"குடுத்துட்டு நான் வெறுங்கையோட வீட்டுக்குப் போகவா?"

"பதிவு பண்ணித் திருப்பித் தந்துடுறேன்."

கம்பிகள் ஓடும் ஒரு கையுறை, முழங்கைக்கு ஒரு பட்டை, இரண்டு தோளுக்கும் ஒரு பட்டை. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வெல்டரக்கா ஒரு தகட்டை ஒட்டிக்காட்டினாள். அவள் விரல், மணிக்கட்டு, தோள் எல்லாம் எப்படி அசைந்தனவோ அப்படியே கம்ப்யூட்டருக்குள் போனது. பிறகு மாணவர்கள் உள்ளே திரை வைத்த கவசத்தை மாட்டிக்கொண்டால், உள்ளே இருட்டில் ஒரு நீலக் கை தெரியும். பனியால் செய்ததுபோல, ஊடுருவிப் பார்க்கலாம். தன் கையை அந்தக் கைக்குள் நுழைத்து, அது போகிற வழியே போக வேண்டும். தவறினால் தோளிலும் முழங்கையிலும் உள்ள பட்டைகள் மெல்லத் தள்ளித் திருத்தும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கை மாதிரி. தீயும் இல்லை, புகையும் இல்லை. நன்றாகப் பழகிய பிறகு நிஜ நெருப்புக்குப் போகலாம்.

சும்மா சொல்லக்கூடாது, அது வேலை செய்தது. தகட்டில் ஓட்டை போடுவதையே தொழிலாக வைத்திருந்த தடியன்கூட, எறும்பு வரிசைபோல நேராக ஒட்ட ஆரம்பித்தான். பரீட்சைக்கு வந்த வெளியாட்கள் தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிரின்சிபாலுக்குத் தலைகால் புரியவில்லை. புதிய கருவிகளைப் புதிய விதத்தில் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் தொழிற்கல்லூரிகளுக்கு ஒரு விருது இருப்பதைக் கண்டுபிடித்து விண்ணப்பமும் அனுப்பிவிட்டார். நேரில் பார்க்கக் குழு வரும் என்று பதில் வந்ததும் கல்லூரி கல்யாண வீடாயிற்று. கழிப்பறைக் குழாய்களுக்குக்கூட வெள்ளி வண்ணம் பூசினார்கள்.

திரும்பிப் பார்ப்பது அந்த நாட்களில்தான் அதிகமாயிற்று.

"மிஸ், இந்த ரூம் முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்று தடியன் ஒருநாள் கேட்டான்.

"சைக்கிள் ஸ்டாண்டு."

"அங்க யாராவது செத்தாங்களா?"

"சைக்கிள் டியூபெல்லாம் செத்திருக்கும். ஏண்டா?"

"பின்னாடி யாரோ நிக்கிறாங்க மிஸ்." அவன் சிரிக்கவில்லை. "தனியா விட்டா நான் மாட்ட மாட்டேன். யாராவது கூட இருக்கணும்."

பையன்கள் கூடிப் பேசி அதைப் பேய் என்று முடிவு செய்தார்கள். அவர்களில் யாருக்கும் பின்னால் வந்து ஓர் ஆள் சத்தமில்லாமல் நின்ற அனுபவம் கிடையாது. பழக்கமில்லாத உணர்ச்சிக்கு அவர்களிடம் வேறு பெயர் இல்லை.

வெல்டரக்கா அதைச் சிரித்துத் தள்ளினாள். பிறகு ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்ததில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் தொடங்கின. ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து, காற்றில் கையை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆறு கைகளும் ஒரே வேகத்தில் ஊர்ந்தன. ஓர் இடத்தில் ஆறும் நின்றன. ஆறு இடது தோள்கள் உயர்ந்தன. ஒரே கயிற்றில் கட்டியதுபோல ஆறு கறுப்புத் தலைகளும் மெல்லத் திரும்பி, அவள் நின்றிருந்த இடத்தைப் பார்த்தன. கண் இல்லாத, வழவழப்பான ஆறு முகங்கள். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வேலையைத் தொடர்ந்தன.

அவள் மேஜைப் பக்கம் போனாள். அதன்மேல் மாணவர்கள் ஒட்டிவைத்திருந்த நிஜத் தகடுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள். எல்லாத் தகட்டிலும், ஒட்டிய கோட்டின் முக்கால் தூரத்தில், ஒரு சின்னப் புடைப்பு. கை நின்ற இடம். யாருடைய தகடாக இருந்தாலும் அதே இடம்.

அந்த வகுப்பில் ஒரே ஒரு பெண் இருந்தாள். வாலு என்று கூப்பிடுவார்கள். வெல்டரக்கா வாத்தியாரான காலத்திலிருந்து எத்தனையோ பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள்; வீட்டில் திட்டு, உடையில் ஓட்டை, பையன்களின் கேலி என்று ஏதாவது ஒன்றால் முதல் பருவம் முடிவதற்குள் நின்றுவிடுவார்கள். தாக்குப்பிடித்தவள் இவள்தான். கேலி செய்த பையனின் செருப்பைத் தரையில் கிடந்த பலகையோடு ஆணி அடித்து வைத்தவள். கையும் அப்படியே, நெருப்பு அவளிடம் வளர்த்த நாய்போல நடந்துகொண்டது. தன்னைவிட நன்றாக வருவாள் என்று வெல்டரக்காவுக்குத் தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை, கண் பட்டுவிடும் என்று.

அந்த வாலு, கை கழுவும் தொட்டி அருகில் வந்து நின்று சொன்னாள்: "மிஸ், நான் நின்னுக்கிறேன்."

"எங்க நிக்கப்போற?"

"விளையாடாதீங்க மிஸ். கோர்ஸ விட்டு நின்னுக்கிறேன். தையலோ கம்ப்யூட்டரோ பாத்துக்கிறேன்."

"நீயுமாடி? பேயா?"

"பேயெல்லாம் இல்ல." பெண் குழாயைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒரு ஆளு. உயரமான ஆளு. எடது பக்கம் நிக்கிறான். சும்மா நிக்கிறான். அப்ப மூச்சு விடவே பயமா இருக்கு மிஸ்."

"மூச்சு விட்டா என்ன?"

"மூச்ச இழுத்தா ஏதோ வாசனை வந்துடும்னு தோணுது. என்ன வாசனைன்னு தெரியல. ஆனா வந்துடும்னு தெரியுது."

வெல்டரக்கா குழாயை மூடினாள். மூடியிருந்த குழாயைத்தான் மூடினாள்.

அது கிராம்பு வாசனை. அவளுக்குத் தெரியும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். ரப்பர் அடி போட்ட காலணி; நடந்தால் பூனைதான். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவள் பொறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாதி வேலையில், முதலில் அந்த வாசனை வரும். பிறகு இடது காதுக்குப் பின்னால் காற்று கொஞ்சம் கனத்துப்போகும். அவ்வளவுதான். தொட்டதில்லை. ஒரு வார்த்தை பேசியதில்லை. எவ்வளவு நேரம் நிற்பார் என்று தெரியாது, கண்ணாடியைத் தூக்கினால் வேலை கெட்டுவிடும். தூக்கிப் பார்க்கிறபோது அநேகமாக அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். வாசனை மட்டும் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. அந்த நாட்கள்தான் இன்னும் மோசம்.

முதலாளியிடம் ஒருமுறை போய்ச் சொன்னாள்.

"தொட்டாரா?"

"இல்லீங்க."

"ஏதாவது பேசினாரா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னம்மா? மேஸ்திரின்னா பின்னாடி நின்னு பாக்கத்தானே சம்பளம் குடுக்கிறேன்?"

அவள் போய்க் கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் அதே இரண்டு கேள்வியைத்தான் கேட்பார்கள்.

வருஷங்கள் கழித்து அதே ஆளை ஒரு பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். சுருங்கி, பாதியாகிப்போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று அவளையே கேட்டார், அடையாளம் தெரியவில்லை. அவள் சொன்னாள். கையைப் பிடித்து ஏற்றிக்கூட விட்டாள். இவ்வளவுதானா என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அன்றோடு தீர்ந்தது என்று நினைத்தாள். மனது தீர்ந்துவிட்டதென்று எழுதி முடித்ததை, கைக்கு யாரும் படித்துக்காட்டவில்லை.

வாலு போனதும் அவள் வகுப்புக்குள் வந்து கவசத்தை எடுத்தாள். இதுவரை அவள் அதை மாட்டியதே இல்லை. தன் கையைத் தானே எதற்குப் பின்தொடர வேண்டும்? மதிய வெயில் ஜன்னல் வழியே தரையில் விழுந்திருந்தது. வெளியே யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டைகளை இறுக்கி, கவசத்தை இறக்கினாள். வெயில் போயிற்று.

இருட்டில் நீலக் கை தோன்றியது. தன்னுடையதுதான், கட்டைவிரல் நகத்துக்கு மேலிருந்த வீக்கம்வரை தன்னுடையது. தன் கையை அதற்குள் நுழைத்தாள். பழைய சட்டையைப் போட்டுக்கொள்வதுபோல இருந்தது. கை ஊர்ந்தது. என்ன அழகான கை என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நீலக் கை தயங்கியது. நின்றது. எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல, விரல் நுனிகளில் மட்டும் ஒரு துடிப்பு. அவள் தொடர்ந்து போகத்தான் பார்த்தாள். தோளில் இருந்த பட்டை அவள் இடது தோளை மேலே தள்ளியது. தன் தோளே தன்னை எச்சரிப்பதுபோல.

அவர் வந்து நின்றார்.

கவசத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பார்த்தால் மணல் வாளிகள். அவள் வாயை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தாள். காற்றை உள்ளே இழுக்கத் துணிவு வரச் சற்று நேரமாயிற்று. இழுத்தாள். வண்ணப்பூச்சு வாசனை மட்டும்தான்.

"அந்த இடத்தை மட்டும் வெட்டிடு" என்றாள் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம்.

"எந்த இடம்க்கா?"

"கை நிக்கிற இடம்."

வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் கை தாவியது. ஒட்டினார்கள். கம்ப்யூட்டர் மிஸ் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். தோள் உயரும் கோடு.

"இங்க பாருங்க. நீங்க நிக்கிறது இங்கதான். ஆனா தோள் முதல்லயிருந்தே கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே வருது. ராடு பத்துறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. இந்த இடத்துக்காகத்தான் மொத்த ஓட்டமுமே இருக்கிற மாதிரி இருக்கு. எதை வெட்டுறது?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து, "என்னக்கா அது?" என்றாள்.

"பழக்கம்" என்றாள் வெல்டரக்கா.

புதிதாகப் பதிவு செய்தார்கள். கை நின்றது. மறுபடி செய்தார்கள். நிற்கக்கூடாது என்று நினைத்தால் முன்பைவிடச் சீக்கிரமாக நின்றது. குழு வரும் நாள் நெருங்கியது. பிரின்சிபால் வந்து, "அம்மா, இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிற பல்லைப் பிடுங்காதீங்க" என்றார். தடியன் அதற்குள் ஜன்னல் கிரில் செய்யும் ஒரு கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே கருவி கிடையாது, நீலக் கை கிடையாது. ஆனாலும் அவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு முதலாளி கேட்டாராம்: "யாரைடா தேடுற, கடன் வாங்கியிருக்கியா?"

வாலு வரவில்லை. வெல்டரக்கா அவள் வீட்டுக்குப் போனாள்.

சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை. கீழே வாலுவின் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீராவி படியேறி வந்து அறையின் ஜன்னலை மங்கலாக்கியிருந்தது. பெண் தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு சுவரை ஒட்டியிருந்தது. உள்ளே வந்த உடனேயே வெல்டரக்கா கவனித்தது அதைத்தான். பித்தான் தைப்பவள் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் உட்காராமல், இருட்டான சுவரோரம் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அது பேயில்லடி. நான்தான்" என்றாள் வெல்டரக்கா. பட்டறை, மேஸ்திரி, கிராம்பு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த முதலாளிக்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறை சொல்கிறாள். சொல்லி முடிக்க ஒரு சட்டைக்குப் பித்தான் தைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னக் கதையா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தொட்டாரா என்று கேட்பாள் என வெல்டரக்கா காத்திருந்தாள். அவள் அதைக் கேட்கவில்லை.

"அதை எனக்கு ஏன் மிஸ் குடுத்தீங்க?"

"தெரியாமடி. சத்தியமா எனக்கே தெரியாது."

"எனக்குன்னு ஒருத்தன் வந்து நிப்பான், எப்படியும். எங்கம்மா சொல்லியிருக்கு, எங்க போனாலும் ஒருத்தன் இருப்பான்னு. அவன் வரும்போது நான் பாத்துக்கிட்டிருப்பேன். அதுக்கு முன்னாடியே உங்காளு வந்து நின்னுட்டான்." அவள் குரல் உடையவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "நேத்து பால் வாங்க கியூவுல நிக்கும்போதுகூடத் திரும்பிப் பாக்கிறேன். நீங்க எனக்கு வெல்டிங் மட்டும்தான சொல்லித்தந்திருக்கணும்?"

கீழே இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்று மூச்சுவிட்டது. வெல்டரக்கா படியிறங்கி வந்தாள்.

அன்றிரவு கணவரிடமும் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். தெருமுனையில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். சொல்லவில்லை.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். இருவர் பிரின்சிபாலின் கையில் சிக்கி, வெள்ளி வண்ணக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே பின்தங்கினார்கள். தலைவர் மட்டும் நேராக வெல்டிங் வகுப்புக்கு வந்தார். சாம்பல் நிறக் கோட்டும் தடித்த மூக்குக்கண்ணாடியும் போட்ட, ஓய்வு பெறும் வயதுள்ள அம்மாள். கம்ப்யூட்டர் மிஸ் ரயிலைக் கிளப்பினாள். அம்மாள் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"விளக்கமெல்லாம் காகிதத்துல படிச்சுட்டேன். எனக்கு ஒரு தடவை மாட்டிவிடுங்க."

"வேண்டாம் மேடம்" என்றாள் வெல்டரக்கா. "அந்தக் கையில ஒரு கோளாறு இருக்கு. அதை இனிமே நான் யாருக்கும் மாட்டறதா இல்ல."

வாசலை எட்டிவிட்ட பிரின்சிபாலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தன்னடக்கம் மேடம், ரொம்பத் தன்னடக்கம்" என்றார்.

"கோளாறுன்னா கண்டிப்பா பாக்கணுமே" என்றார் அம்மாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தானே பட்டைகளை மாட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் வாலு வாசலில் வந்து நின்றாள். கல்லூரிக்குச் சொந்தமான தோல் அங்கியும் கையுறைகளும் அவள் கையில் மடித்து இருந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

அம்மாளின் கை காற்றில் ஊர்ந்தது. வயதான கை, நீலக் கையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அந்த இடம் வந்தது. கை நின்றது. தோள் ஏறியது. எல்லாரையும்போல அவர் திரும்பவில்லை. அப்படியே உறைந்து, திரும்பாமல், மூச்சு விடாமல், நெடுநேரம் இருந்தார். கம்ப்யூட்டர் மிஸ் பயந்துபோய் அருகில் போனாள். போகாதே என்று வெல்டரக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அம்மாள் தாமாகவே கவசத்தைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அறையில் இருந்த எல்லாரையும் விட்டுவிட்டு வெல்டரக்காவைப் பார்த்தார்.

"யாரு அவரு?"

"மேஸ்திரிங்க. பழைய பட்டறையில."

அம்மாள் தலையசைத்தார். "என்னோட ஆளு வலது பக்கம் நிப்பாரு" என்றார், பஸ் வரும் நேரத்தைச் சொல்கிற குரலில். "இப்ப ரெண்டு பக்கமும் ஆயிடுச்சு."

பிரின்சிபால் தன் வலது பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"என்ன மிஸ் இது?" என்றது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஊருல ஆளுக்கொரு ஆளு வச்சிருக்கீங்களா?"

வாலு உள்ளே வந்தாள். அங்கியை மேஜைமேல் வைக்கப் போனவள், வைக்காமல் நின்றாள். அம்மாளைப் பார்த்தாள், வெல்டரக்காவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இன்னும் கோபம்தான் இருந்தது.

"மறுபடி பதிவு பண்ணுனீங்களாமே. நின்னுச்சாமே."

"நிக்குது."

"பின்னாடி இடம் காலியா இருந்தா வரத்தானே செய்வான்? காலியா விடாதீங்க." அங்கியை உதறி மாட்டிக்கொண்டாள். "நீங்க உக்காருங்க. நான் நிக்கிறேன்."

"எங்கடி?"

"அவன் நிக்கிற இடத்துல."

வெல்டரக்கா சாய்வில்லாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் மிஸ் கம்பிகளை மாட்டினாள். நிஜத் தகடு, நிஜ ராடு. வாலு அவளுக்குப் பின்னால் இடது பக்கமாக வந்து, திரும்பி, முதுகை அவள் முதுகோடு சேர்த்துவைத்து, கதவையும் வாளிகளையும் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டாள். மெலிந்த முதுகு. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் வெல்டரக்காவின் முதுகில் தட்டுப்பட்டது.

கண்ணாடி இறங்கியது. உலகம் அணைந்தது. பொறி பற்றியது.

கை ஊர்ந்தது. முக்கால் தூரம் வந்தபோது காது தானாகவே பின்னால் போனது. காற்று கனத்தது. அது வரத்தான் செய்தது, வராமல் இல்லை. அப்போது முதுகில் ஒட்டியிருந்த முதுகு ஒரு கணம் விறைத்தது. யாரையோ நேருக்கு நேர் பார்த்துவிட்டதுபோல. விறைத்து, பிறகு இன்னும் அழுத்தமாக அவள்மேல் சாய்ந்தது. வெல்டரக்கா மூச்சை இழுத்தாள். எரிந்த இரும்பு வாசனை. தோல் அங்கியின் வாசனை. கை நிற்கவில்லை. தகட்டின் விளிம்புவரை போய், விளிம்பைத் தாண்டித்தான் நின்றது.

கண்ணாடியைத் தூக்கியபோது வாலு வாளிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். நெற்றியில் வியர்வை.

"யாராவது வந்தாங்களாடி?"

"நீங்க வேலையப் பாத்தீங்கல்ல? அவ்வளவுதான் கேக்கணும்" என்றாள் பெண். வேறொன்றும் சொல்லவில்லை. பின்னாலும் சொன்னதில்லை.

விருது கிடைத்ததா என்று கேட்பவர்களுக்காக: கிடைத்தது. பாராட்டுரையில் கையுறை, பட்டைகள், தேர்ச்சி விகிதம் எல்லாம் இருந்தன. அந்த மத்தியானம் நடந்த வேறெதுவும் அதில் இல்லை. பழைய நீலக் கையை வெல்டரக்காவே பொத்தானை அழுத்தி அழித்தாள். ஆனால் அதற்குள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் ஊரெங்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கைப்பிடிச் சுவர், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று எங்கே விரலை ஓட்டிப் பார்த்தாலும் முக்கால் தூரத்தில் ஒரு சின்னப் புடைப்பு தட்டுப்படும். அவளால் இப்போதெல்லாம் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல்தான் ஏற முடிகிறது.

அன்றைய மத்தியானத்துக்கு வருவோம். குழுவைத் திருப்பி அழைத்துப்போகக் கார் வருவதற்குள் கம்ப்யூட்டர் மிஸ் புதிய கையைக் கவசத்தில் ஏற்றிவிட்டாள். யார் முதலில் மாட்டுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாலு கையை நீட்டிக் கவசத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சரியில்லன்னா அங்கிய இங்கேயே போட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் வீட்டுக்கு வந்து கதை சொல்லக்கூடாது."

"சொல்லல."

அவள் உட்கார்ந்து, பட்டைகளை இறுக்கி, கவசத்தை இறக்கினாள். வெல்டரக்கா கையைப் பார்க்கவில்லை. இடது தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஊர்ந்தது. அந்த இடம் நெருங்கியது. தோள் ஓர் இம்மி அசைந்து, பின்பக்கமாக மெல்லச் சாய்ந்தது, சுவரில் சாய்ந்துகொள்வதுபோல. சுவரோ எட்டாத தூரத்தில் இருந்தது. கை நிற்காமல் போய், விளிம்பைக் கடந்தது.

"யாராவது இருக்காங்களாடி?"

கவசம் ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது.

"இருக்காங்க மிஸ்" என்றாள் வாலு. "ஆனா அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க." கையை மறுபடி ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவந்தாள். "இன்னொரு தகடு போடுங்க."